சக்கரத்தைக் காப்பாற்றுவது எளிது, காற்றைக் காப்பாற்றுவதுதான் பாடு

திருவான்மியூர் தாண்டி கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனால், இடதுபுறம் கடலை நோக்கிப் போகும் குறுக்குத் தெரு ஒன்றின் கடைசியில் ஒரு பழைய தென்னந்தோப்பு மிச்சம் இருக்கிறது. அதன் மூலையில் கிணறு. கிணற்றின் மேல் 40 அடி உயரத்தில் நான்கு கால் ஆங்கிள் கோபுரம், உச்சியில் 8 அடி விட்டத்தில் 18 தகடுகள் கொண்ட சக்கரம், பின்னால் ஒரு வால். கடற்காற்று வந்தால் சக்கரம் சுற்றும், தண்டு ஏறி இறங்கும், தொட்டியில் தண்ணீர் விழும். இந்தக் காற்றாடியை ஓட்டுவதும் பராமரிப்பதும் வருகிறவர்களுக்குக் காட்டுவதும் எங்கள் பகுதியைச் சேர்ந்த சிலர் தங்களுக்குள் பகிர்ந்துகொண்ட வேலை. நான் பாலிடெக்னிக் பணிமனையில் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன். குழுவில் வங்கியில் இருந்தவர் ஒருவர், ஒரு பள்ளி ஆசிரியை, ஒரு பிளம்பர், ஓர் ஆட்டோ ஓட்டுநர், கல்லூரி மாணவர்கள் என்று பலதரப்பட்டவர்கள் இருக்கிறார்கள்.

வருகிறவர்களில் பாதிப் பேர் இதை மின்சாரம் எடுக்கும் காற்றாலை என்று நினைத்துக்கொண்டு, “எத்தனை வாட் வரும்?” என்றுதான் ஆரம்பிப்பார்கள். காற்றாலைகள் வரிசையாக நிற்கும் முப்பந்தலைக் கடந்து போனவர்கள் நிறைந்த ஊரில் அது இயல்பான கேள்விதான். மூன்றே இறக்கை கொண்ட காற்றாலை வேகமாகச் சுற்ற வேண்டும். மின்னாக்கிக்கு அதுதான் தேவை. இது நீர் இறைக்கும் காற்றாடி. நீர்த் தம்பத்தின் எடையோடு தண்டை மேலே தூக்க வேண்டுமானால், மெல்லிய காற்றிலும் நின்ற இடத்திலிருந்து கிளம்பும் முறுக்கு விசை வேண்டும். அதற்காகத்தான் வட்டம் முழுவதும் தகடுகளை நெருக்கி அடைத்திருக்கிறார்கள். உள்ளே கியர் இருக்கிறது. சக்கரம் மூன்று சுற்றுக்குச் சற்று மேல் சுற்றினால்தான் தண்டு ஒருமுறை ஏறி இறங்கும்.

இந்த வகை பிறந்தது அமெரிக்காவில். காற்றின் திசைக்குத் தானே திரும்பி, பலத்த காற்றில் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும் காற்றாடியை டேனியல் ஹாலடே 1854-இல் செய்தார். அதன் தகடுகள் மரத்தாலானவை. 1888-இல் சிகாகோவில் தொடங்கிய ஏர்மோட்டார் நிறுவனம் வளைந்த எஃகுத் தகடுகளைப் பரவலாக்கியது. 1915-இல் கியர்களை மூடிய பெட்டிக்குள் எண்ணெயில் ஊறவைத்தார்கள். அதுவரை அடிக்கடி கோபுரம் ஏறி எண்ணெய் விட வேண்டியிருந்தது. அதன்பின் ஆண்டுக்கு ஒருமுறை ஏறினால் போதும் என்றானது. எங்கள் காற்றாடியின் வாலில் இருந்த பெயரைத் துரு தின்றுவிட்டது. கியர்ப் பெட்டி மூடிய வகை என்பதால், 1915-க்குப் பிந்தைய அமைப்பு என்று மட்டும் பலகையில் எழுதியிருக்கிறோம். நூறாண்டுப் பழமை என்று போட்டால் கூட்டம் வரும் என்று ஒருவர் யோசனை சொன்னார். குழு ஏற்கவில்லை.

தோப்பின் சொந்தக்காரர் எண்பதைத் தாண்டிய அம்மா. நாங்கள் போய்க் கேட்டபோது அவர் போட்டது ஒரே நிபந்தனை. “சுற்ற வேண்டும். பெயின்ட் அடித்து நிறுத்திவைப்பதானால் சொல்லுங்கள், காயலான் கடைக்காரரையே கூப்பிட்டுக்கொள்கிறேன்.” எந்த வல்லுநர் குழுவும் இதைவிடத் தெளிவான பராமரிப்புக் கொள்கையை எங்களுக்கு எழுதித் தந்திருக்க முடியாது.

ஆனால் வாய்ச்சொல்லை நம்பி இரும்பில் பணம் போடக் கூடாது. சங்கத்தை 1975-ஆம் ஆண்டின் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு செய்தோம். அதற்குக் குறைந்தது 7 உறுப்பினர் வேண்டும். கிணறு, கோபுரம், சுற்றி ஒரு சிறு நிலம், தெருவிலிருந்து நடைவழி ஆகியவற்றை மட்டும் நீண்ட காலக் குத்தகைக்கு எழுதி வாங்கினோம். பலரும் செய்கிற 11 மாத ஒப்பந்தம் இதற்கு உதவாது. ஓராண்டுக்கு மேற்பட்ட குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும், செலவும் ஆகும். இருந்தாலும், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் நாளை நிலத்தை விற்றால் வாங்குகிறவரையும் கட்டுப்படுத்தப் போவது அந்தப் பதிவுதான். நடைவழியை எழுத மறந்துவிடாதீர்கள் என்று எங்கள் வழக்கறிஞர் அழுத்திச் சொன்னார். வழி இல்லாத கோபுரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

இயந்திர வேலையை நான் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனென்றால் கையில் தொழில் உள்ளவர்களுக்கு அது பெரிய புதிர் இல்லை. தெரு குறுகல், கிரேன் வராது. கோபுரத்தின் மேலேயே ஒரு கம்பம் கட்டி, செயின் பிளாக் போட்டு, தகடுகளை ஒவ்வொன்றாகக் கழற்றி இறக்கிய பிறகு, கியர்ப் பெட்டி அடங்கிய தலையை இறக்கினோம். கியர்ப் பெட்டியைத் திறந்தால் எண்ணெய் தார்போல் கெட்டியாகிக் கிடந்தது. அதுவே பற்களைத் துருவிலிருந்து காத்திருந்தது. டீசலில் ஊறவைத்துக் கழுவியதும் கியர்கள் பளிச்சென்று வந்தன. பேரிங்குகள்தான் போயிருந்தன. அவை இன்றைய பந்து பேரிங்குகள் அல்ல, வெள்ளீயக் கலவையை உருக்கி ஊற்றிச் செய்தவை. பட்டறைகளில் வைட் மெட்டல் என்பார்கள். அதை ஊற்றத் தெரிந்தவரைத் தேடி அலைந்து, கடைசியில் மூடிப்போன ஒரு பஞ்சாலையின் பழைய ஃபிட்டர் ஒருவரைப் பெரம்பூர்ப் பக்கம் கண்டுபிடித்தோம். பேரிங்குக்குள் சுற்றும் அச்சுத்தண்டைச் சூடேற்றிப் புகைக்கரி பூசி, கசியாமல் களிமண் வைத்து அடைத்து, ஒரே மூச்சில் ஊற்றினார். எங்கள் மாணவர்கள் இருவர் பக்கத்திலேயே நின்று கற்றுக்கொண்டார்கள். இயந்திரத்தில் நாங்கள் செய்த பழுதுபார்ப்புகளில் மிக மதிப்புள்ளது இது என்பேன். பேரிங் மீண்டும் தேயும், அப்போது அந்தப் பெரியவரை எதிர்பார்த்து நிற்க வேண்டியதில்லை.

தகடுகளில் பாதிக்கு மேல் மக்கிப்போயிருந்தன. நல்ல தகடு ஒன்றின் வளைவை மரப்பலகையில் அச்செடுத்து, புதியவற்றை அதன்மேல் தட்டி வளைத்தோம். புதிய தகடு ஒவ்வொன்றின் பின்புறத்திலும் செய்த ஆண்டைக் குத்தி வைத்திருக்கிறோம். பின்னால் வரும் யாரும் இதைப் பழையது என்று எண்ணிவிடக் கூடாது. கோபுரத்தின் ஆங்கிள்களைப் பெயின்ட்டோடு விடாமல் உருகிய துத்தநாகத்தில் முக்கி எடுக்கக் கொடுத்தோம். கடலோரத்தில் வெறும் பெயின்ட் நிற்காது. போல்ட்டுகளும் அதே பூச்சு உள்ளவையே. பாரிமுனை செம்புதாஸ் தெருவில் அலைந்தால் அளவுக்கு ஏற்றவை கிடைக்கும். பம்பு உருளைக்குள் போகும் கிண்ண வடிவத் தோல் வாசருக்கான தோலைப் பெரியமேட்டில் வாங்கி, மர அச்சில் அழுத்தி நாங்களே செய்கிறோம். விளக்கெண்ணெயில் ஊறவைத்து இரண்டு மூன்றை எப்போதும் கைவசம் வைத்திருப்போம். வாசர் காயக் கூடாது. கிணற்று நீர்மட்டம் உருளைக்குக் கீழே இறங்கிவிட்டால் சக்கரத்தை நிறுத்திவிட வேண்டும். வெறும் காற்றை இழுத்துக்கொண்டே ஓடினால் தோல் சுருங்கிக் கிழியும்.

இத்தனையும் பணமும் பொறுமையும் இருந்தால் முடிகிற காரியங்கள். எங்களை உண்மையில் அலைக்கழித்தது காற்று.

காற்றின் ஆற்றல் அதன் வேகத்தின் மும்மடிக்கு ஏற்ப மாறும். வேகம் பாதியானால் ஆற்றல் எட்டில் ஒரு பங்கு. அதாவது, பக்கத்தில் ஒரு கட்டடம் வந்து காற்றைக் கொஞ்சம் தடுத்தாலே, ‘கொஞ்சம் மெதுவாகச் சுற்றும்’ என்ற நிலை கிடையாது. பெரும்பாலான நாள் சுற்றவே சுற்றாது. இந்த வகைக் காற்றாடிகளுக்கு ஒரு பழைய விதி உண்டு. சுற்றிலும் 400 அடிக்குள் இருக்கும் எதையும்விடச் சக்கரம் 15 அடியாவது உயரத்தில் இருக்க வேண்டும். சென்னையில் அந்த விதியை வைத்துக்கொண்டு பார்த்தால் ஒரு காற்றாடியும் மிஞ்சாது.

என் பழைய மாணவர் ஒருவர் நெதர்லாந்தில் வேலை பார்க்கிறார். அவர் அழைத்து நான் போனபோது, கிண்டர்டைக்கில் வரிசையாக நிற்கும் 19 காற்றாலைகளைப் பார்த்தேன். பெரும்பாலானவை 1738-1740 காலத்தில் கட்டப்பட்டவை, தாழ்நிலத்து நீரை வெளியேற்றுவதற்காக. 1997-இல் அவை யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தன. ஆனால் எனக்கு வியப்பளித்தது கட்டடங்களைவிட அவற்றைச் சுற்றியிருக்கும் வெட்டவெளி. காற்றாலைக்கு அருகே எவ்வளவு தூரத்தில் எவ்வளவு உயரம் வரை கட்டலாம், மரம் வளர்க்கலாம் என்பதற்கு அங்கே கணக்கு வைத்திருக்கிறார்கள்; முதல் 100 மீட்டருக்குள் இறக்கையின் கீழ்நுனி உயரத்தைத் தாண்டக் கூடாது, அதற்கு மேல் 400 மீட்டர் வரை தூரத்துக்கு ஏற்பக் கொஞ்சம் கூட்டிக்கொள்ளலாம் என்கிற மாதிரி. காற்றையும் மரபுச் சொத்தின் ஓர் உறுப்பாகவே எண்ணுகிறார்கள்.

நம் ஊரில் அப்படி ஒரு விதி இல்லை. மரபுக் கட்டடம் என்று பட்டியலில் ஏறினாலும் சுவருக்குத்தான் பாதுகாப்பு, சுவரைத் தொட்டு வரும் காற்றுக்கு இல்லை. ஆகவே சட்டத்தை நம்பாமல் ஒரு நோட்டை நம்பினோம். எந்தத் திசைக் காற்று, எந்த மாதம், எத்தனை மணிக்கு, சக்கரம் எப்படி ஓடியது என்று ஓராண்டுக்கு எழுதினோம். அதிலிருந்து ஒன்று துலங்கியது. எங்களுக்குச் சோறு போடுவது கிழக்கிலும் தென்கிழக்கிலும் இருந்து வரும் கடற்காற்று. அம்மியைப் பறக்கவிடும் ஆடிக் காற்று எங்களுக்கு உதவாத காற்று. மேற்கிலிருந்து ஊரின் மாடிகளில் எல்லாம் இடித்துச் சுழன்று வருவதால் விட்டு விட்டு அடிக்கும், சக்கரத்தை இப்படியும் அப்படியும் உலுக்கும், கியரைத் தேய்க்கும். மேல்காற்று பலமாக இருக்கும் ஆனி, ஆடியில் கடற்காற்றும் தாமதமாகவே உள்ளே வரும்.

இந்த நோட்டு கையில் இருந்ததால், மேற்கே அடுக்குமாடி வந்தபோது நாங்கள் கலங்கவில்லை. வீண் சண்டை போட்டுப் பெயரைக் கெடுத்துக்கொள்ளவும் இல்லை. கிழக்கே இருந்த மனை கைமாறியபோதுதான் ஓடினோம். வரைபடம் அனுமதிக்குப் போவதற்கு முன்பே கட்டுகிறவரைப் பார்த்தோம். மாடி எண்ணிக்கையைக் குறைக்கச் சொல்ல எங்களுக்கு உரிமை கிடையாது. நாங்கள் கேட்டது, மொட்டை மாடியில் வரும் படிக்கட்டு அறையையும் தண்ணீர்த் தொட்டியையும் வடக்கு ஓரத்துக்கு மாற்ற முடியுமா என்பது மட்டுமே. நோட்டைப் புரட்டிப் பார்த்தார், தன் பொறியாளரைக் கூப்பிட்டார், ஒத்துக்கொண்டார். தன் வீடுகளின் பால்கனியிலிருந்து காற்றாடி தெரியும் என்பதை விளம்பரத்தில் போட்டுக்கொண்டார்; போடட்டும். நாங்கள் எங்கள் பங்குக்குக் கோபுரத்தின் அடியில் ஓர் அடுக்கு சேர்த்து உயர்த்தினோம். அதற்குக் கட்டுமானப் பொறியாளரின் கையெழுத்து இல்லாமல் தொடாதீர்கள். உயரம் கூடினால் அடித்தளத்தில் விழும் இழுவையும் கூடும்.

அடுத்தது ஆட்கள். நெதர்லாந்தில் 1972-இல் தன்னார்வக் காற்றாலைக்காரர்களின் சங்கம் ஒன்று தொடங்கியது. நான்கு பருவங்களையும் பார்க்கும்படி பயிற்சி தந்து, தேர்வு வைத்த பிறகே காற்றாலையை ஒப்படைக்கிறார்கள். காற்றாலை ஓட்டும் கலையை 2017-இல் யுனெஸ்கோ மனித குலத்தின் மரபாக ஏற்றது. இந்த முறையை நாங்கள் அப்படியே எடுத்துக்கொண்டோம். எங்களிடம் சேருகிறவர் சித்திரை வெயிலில் கடற்காற்று உள்ளே நுழைவதையும், ஆடியின் மேல்காற்றையும், ஐப்பசி கார்த்திகைப் புயலையும் ஒருமுறையாவது கோபுரத்தடியில் நின்று பார்த்திருக்க வேண்டும். அதன்பிறகுதான் நெம்புகோலில் கை வைக்கலாம்.

அந்த நெம்புகோல்தான் எல்லாம். சக்கரம், தலை திசை திரும்பும் அச்சின் நேர்கோட்டில் இல்லாமல் சற்று ஒதுங்கி இருக்கும். காற்று வலுத்தால் அது சக்கரத்தை வால் பக்கம் தள்ளும். ஒரு ஸ்பிரிங் அதை இழுத்துப் பிடித்திருக்கும். மணிக்கு ஏறத்தாழ 40 கிலோமீட்டரில் சக்கரம் முழுவதும் ஒதுங்கி, காற்றுக்கு விளிம்பைக் காட்டி நின்றுவிடும். கீழே இருக்கும் நெம்புகோலை இழுத்தால் அதே வேலையை நாமே செய்யலாம், கூடவே பிரேக்கும் பிடிக்கும். புயல் எச்சரிக்கை வந்த உடனே இழுத்துப் பூட்ட வேண்டும், காற்று வந்த பிறகு அல்ல. அதனால் பொறுப்பாளர் பட்டியலில் நடந்து வரும் தூரத்தில் இருப்பவர்களை மட்டுமே போடுகிறோம். தாம்பரத்தில் எத்தனை ஆர்வலர் இருந்தாலும் புயலன்று அவர்களால் பயன் இல்லை.

2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னையைக் கடந்தபோது இது சோதிக்கப்பட்டது. மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல் காற்று. புயலின் கண் நகரத்தின் மேல் வந்தபோது சற்று நேரம் அமைதி, பிறகு எதிர்த்திசையிலிருந்து மறுபடி அடித்தது. சக்கரத்தைப் பூட்டியிருந்தோம், ஆனால் தலையைத் திரும்பவிடாமல் கயிற்றால் கட்ட வேண்டும் என்று சிலர் சொன்னதைக் கேட்கவில்லை. வால் தன் விருப்பப்படி திரும்பியதால்தான் காற்று திசை மாறியபோதும் விளிம்பையே சந்தித்தது. கட்டியிருந்தால் முழுச் சக்கரமும் பாய்மரமாகி, கோபுரத்தோடு சாய்ந்திருக்கும். தோப்பைச் சுற்றி மரங்கள் வேரோடு விழுந்து கிடந்தன. கிழக்கு ஓரத்துச் சவுக்கு வரிசை மொத்தமாகப் போனதில் அடுத்த கோடையில் சக்கரம் முன்னெப்போதும் இல்லாத அளவுக்கு ஓடியது என்பதைக் கொஞ்சம் கூச்சத்தோடுதான் சொல்ல வேண்டியிருக்கிறது.

தெரு எங்களை ஏற்றுக்கொண்டது 2019 கோடையில். சென்னைக்குத் தண்ணீர் தரும் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகள் நான்கும் ஏறத்தாழ வறண்டுபோன ஆண்டு. அதுவரை எங்களைப் பொழுதுபோகாத கூட்டமாக நினைத்தவர்கள் குடத்தோடு வந்தார்கள். இந்தக் கடலோர மணலில் மழைநீர் உப்புநீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. பெரிய மோட்டார் போட்டு உறிஞ்சினால் கீழே இருக்கும் உப்பு மேலேறி வரும். காற்றாடியோ நல்ல காற்றில் மணிக்குச் சில நூறு லிட்டர் எடுக்கும், காற்று அடங்கினால் ஓய்ந்துவிடும், கிணறு ஊறிக்கொள்ளும். எங்கள் தொட்டியில் விழுந்தது நல்ல தண்ணீர். வீட்டுக்கு இரண்டு குடம், வரிசை, சண்டைக்கு இடமில்லை என்று ஆசிரியை விதி போட்டார். டேங்கரில் எடுத்துக்கொள்கிறேன், விலை பேசலாம் என்று வந்தவரை அவரே திருப்பி அனுப்பினார். அந்தக் கோடைக்குப் பிறகு எண்ணெய் மாற்றும் நாளில் கூட்டுவதற்கும் கழுவுவதற்கும் ஆள் கேட்டு நாங்கள் அலைந்ததே இல்லை. கண்காட்சிப் பொருளாக மட்டும் வைத்திருந்தால் இந்த உறவு வந்திருக்காது.

பார்வையாளர் விஷயத்தில் சொல்ல வேண்டியவை சில. காலையில் பள்ளிப் பிள்ளைகளை அழைத்துவரலாமா என்று கேட்பார்கள், வேண்டாம் என்போம். காலையில் சக்கரம் பெரும்பாலும் நிற்கும். மாலை 3 மணிக்கு மேல் வரச் சொல்வோம். ஆகஸ்டில் சென்னை வாரம் நடக்கும்போது கூட்டம் அதிகம், அப்போதும் அதே நேரம்தான். கிணற்றுக்கு இரும்புக் கம்பி மூடி போட்டுப் பூட்டு. கோபுர ஏணியின் கீழ்ப்பகுதியைக் கழற்றித் தனியே வைத்துவிடுங்கள். ‘ஏறாதீர்கள்’ என்று எழுதிய பலகை இளைஞர்களுக்கு அழைப்பிதழ். விபத்துக் காப்பீடு எடுக்காமல் கதவைத் திறக்காதீர்கள். வரலாற்றுப் பலகைகளை யாரும் படிப்பதில்லை. எங்கள் பிளம்பர் கண்ணாடிபோல் தெரியும் அக்ரிலிக் குழாயில் ஒரு சிறிய கைப்பம்பு செய்து வைத்தார். உள்ளே தோல் வாசர் ஏறுவதும் வால்வு திறந்து மூடுவதும் தெரியும். பிள்ளைகள் அதை விட்டு நகர்வதில்லை, அப்பாக்களும்தான்.

நுழைவுக் கட்டணம் கிடையாது, உண்டியல் உண்டு. ஆனால் உண்டியல் காசு எண்ணெய்க்கும் காப்பீட்டுக்கும்தான் வரும். பெரிய செலவுக்குத் தனியாக வைப்புநிதி வைத்திருக்கிறோம். அதன் வட்டியைத் தவிர எதையும் தொடக் கூடாது என்று வங்கியில் இருந்த நண்பர் விதிமுறையிலேயே எழுதிவிட்டார். அவரோடு நான் பலமுறை சண்டை போட்டிருக்கிறேன், அவர் மசியவில்லை.

அண்மையில் கீழ்ப்பாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் கூப்பிட்டது. பழைய தோட்ட வீட்டின் பின்புறம் இதே வகைக் காற்றாடி; நான்கு பக்கமும் ஐந்து மாடி. போய்ப் பார்த்தோம், கியர் நன்றாக இருக்கிறது, தகடுகள் போதும் போதாததுமாக இருக்கின்றன, காற்று மட்டும் இல்லவே இல்லை. மறைவாக ஒரு மின்மோட்டார் வைத்துச் சுற்றவிடலாமே என்று அந்த வீட்டுப் பையன் கேட்டான். சுற்றும்தான், ஆனால் பார்க்க வருகிறவன் காற்று எங்கே என்று கேட்டால் நீ என்ன சொல்வாய் என்று திருப்பிக் கேட்டேன். இரண்டு வழி சொல்லியிருக்கிறோம். கழற்றி, திறந்தவெளி உள்ள கடலோரப் பள்ளி ஒன்றில் கிணற்றோடு நிறுத்தலாம். அல்லது தலையை மட்டும் இறக்கி, கியர் தெரியும்படி ஒரு பக்கம் திறந்து, வீட்டு முற்றத்தில் கையால் சுற்றிக் காட்டும்படி வைக்கலாம். பள்ளி என்றால் பராமரிப்பை யார் பார்ப்பது என்பதை எழுத்தில் வாங்காமல் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்ற மாட்டோம் என்றும் சொல்லிவிட்டோம். பொங்கலுக்குள் பதில் சொல்வதாகச் சொல்லியிருக்கிறார்கள். அதற்குள் எங்கள் மாணவர்கள் அங்கே போய்க் கியர்ப் பெட்டியில் புது எண்ணெய் ஊற்றி, மேலே தார்ப்பாய் கட்டிவிட்டு வந்திருக்கிறார்கள்.